நாகத்தின் விஷப்பையை அறுத்துவிட்டால் வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திருவட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. போன ஆண்டு எங்கள் ரப்பர் தோட்டத்தில் உரக்குழியைக் கிளறும்போது ஒரு நல்ல பாம்புக் குட்டி வெளியே வந்தது. வேலைக்கு வந்தவர்கள் அடிக்கப் போனார்கள். தம்பி தடுத்து அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். அன்று முதல் மாடி அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்க்கிறான். தவளையும் எலிக்குஞ்சும் தேடிப் பிடித்துக் கொடுக்கிறான். "அது என்னைத் தெரிந்துகொண்டது, என்னை ஒன்றும் செய்யாது" என்கிறான்.

நான் வேலைக்குப் போவதால் என் நான்கு வயது மகள் பகல் முழுக்க அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. "நீயாக விடாவிட்டால் நானே அடித்துப் போட்டுவிடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். வெளிநாட்டில் விஷப்பையை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுகிறார்களாம். பாம்பும் பிழைக்கும், வீட்டில் யாருக்கும் பயம் இருக்காது, எவ்வளவு செலவானாலும் சரி என்கிறான். நீங்கள் செய்வீர்களா? இல்லையென்றால் செய்பவர் யாரையாவது சொல்ல முடியுமா? நாய்க்குக் கருத்தடை செய்வதைப் போலத்தானே இதுவும்? அடித்துக் கொல்வதைவிட இது மேல் அல்லவா? வனத்துறைக்குச் சொல்லலாம் என்றால் தம்பி மேல் வழக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த அறுவை சிகிச்சையை நான் செய்ய மாட்டேன். செய்கிறவர் யார் என்று விசாரித்துச் சொல்லவும் மாட்டேன். காரணங்களை விரிவாக எழுதுகிறேன். உங்கள் தம்பியும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். மண்வெட்டி ஓங்கியவர்களுக்கு நடுவே புகுந்து ஓர் உயிரைக் காப்பாற்றியவர் அவர். அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படித்து முடித்ததும் உங்கள் மகளை வேறொரு வீட்டில் விடுங்கள். மாமியார் வீடோ, சித்தி வீடோ, எதுவானாலும் சரி. அந்தப் பாம்பு வீட்டைவிட்டுப் போகும் வரை குழந்தை அங்கே இருக்க வேண்டாம். கண்ணாடித் தொட்டியின் மூடிக்குப் பூட்டு வேண்டும். அறைக்கு வெளிப்பூட்டு வேண்டும். கதவின் அடி இடுக்கில் துணியைச் சுருட்டி இறுக்கமாக அடையுங்கள். தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் நாகம் அதன் வழியே வெளியேறிவிடும். தொட்டியைத் திறப்பதும், பாம்பைக் கையில் எடுப்பதும், சுத்தம் செய்வதும் இன்றோடு நிற்கட்டும். சில நாள் இரை கொடுக்காவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இப்போது அந்த அறுவை சிகிச்சைக்கு வருகிறேன்.

விஷப்பை என்று நாம் சொல்வது ஒரு சுரப்பி. எச்சில் சுரப்பிதான் காலப்போக்கில் அப்படி மாறியிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால், மேல்தாடையின் ஓரமாக, தோலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். தாடைத் தசை அதோடு ஒட்டிப் பிடித்திருக்கும். பாம்பு கடிக்கும்போது அந்தத் தசை இறுகிச் சுரப்பியை அழுத்துகிறது. விஷம் மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக விஷப்பல்லின் அடிக்கு வந்து, பல்லுக்குள் இருக்கும் துளை வழியாக இறங்குகிறது. சுற்றிலும் நரம்பும் இரத்தக் குழாயும் நெருக்கமாக ஓடுகின்றன. விரலைவிடச் சற்றே பருமனான ஒரு தலைக்குள் இத்தனையும் இருக்கின்றன.

சிலர் சுரப்பியை முழுதாக அறுத்தெடுக்கிறார்கள். சிலர் குழாயை மட்டும் வெட்டி முடிச்சுப் போடுகிறார்கள் அல்லது சுட்டு அடைக்கிறார்கள். முழுதாக எடுத்தால் தலையின் இரு பக்கமும் பள்ளம் விழும். பார்க்க அழகாக இல்லை என்பதால் வெளிநாட்டில் அந்தப் பள்ளத்துக்குள் சிலிக்கான் துண்டை வைத்துத் தைப்பதும் உண்டு. எந்த நோவும் இல்லாத ஒரு பாம்பின் தலையைக் கீறி, உறுப்பை எடுத்து, வெளித்தோற்றம் கெடாமல் இருக்க உள்ளே எதையோ திணிக்கிறார்கள். இதில் பாம்புக்காகச் செய்தது எது என்று உங்கள் தம்பியை ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள்.

பாம்புக்கு வலிக்குமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். வலிக்கும். அது கத்துவதில்லை, முகம் சுளிப்பதில்லை. அதனால் நமக்குத் தெரிவதில்லை. வலியை உணரும் நரம்புகளும் அதை வாங்கிக்கொள்ளும் மூளையும் பாம்புக்கு இருக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் எந்த வலி மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இருக்கும் தெளிவு பாம்பின் விஷயத்தில் இன்னும் வரவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுபோகும். மூச்சுக்குழலில் குழாய் செருகி, நாமே காற்று கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தெளிய மணிக்கணக்கில் ஆகும். முறையாகப் படித்தவர் செய்தாலே இவ்வளவு சிரமம். திருட்டுத்தனமாகச் செய்பவர்கள் பாம்பை ஐஸில் வைத்து விறைக்கச் செய்துவிட்டு அறுப்பதும் நடக்கிறது. குளிரில் விறைத்த பாம்பு அசையாது. ஆனால் வலி அப்படியே இருக்கும்.

அதன் பிறகு புண் ஆற வேண்டும். பாம்பின் உடல் மெதுவாக இயங்கும் உடல். தோலில் போட்ட தையலைப் பிரிக்கவே நாலைந்து வாரம் பொறுக்க வேண்டும். சில நேரம் அடுத்த தோலுரிப்பு வரைகூடக் காத்திருப்போம். வாய்க்குள் கீறியிருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். பாம்பின் வாயில் இயல்பாகவே நிறைய கிருமிகள் இருக்கின்றன. அங்கே சீழ் பிடித்தால் ஈறு அழுகும், தாடை எலும்பு வரை இறங்கும், பாம்பு இரை எடுப்பதை நிறுத்திவிடும். பாம்பாட்டிகளிடமிருந்து மீட்கப்படும் நாகங்களின் வாயில் பார்ப்பது இதைத்தான். பல் பிடுங்கியிருப்பார்கள், சூடான ஊசியால் சுட்டிருப்பார்கள், சிலவற்றுக்கு வாயையே தைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்து அவை சாகும். கத்தியும் கையுறையும் வந்துவிட்டதால் உங்கள் தம்பி சொல்வது வேறு காரியம்போலத் தெரிகிறது. நோக்கம் அதேதான். நாம் பயமில்லாமல் தொட்டுப் பார்ப்பதற்காக அதன் வாயைச் சிதைக்கிறோம்.

இதை எதிர்ப்பவர்கள் வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள்: விஷம் இல்லாவிட்டால் இரை செரிக்காது, அதனால் பாம்பு செத்துவிடும் என்பார்கள். அந்த வாதத்தை நான் வைக்கவில்லை. செத்த எலியை வைத்தால் விஷம் இல்லாத நாகமும் விழுங்கும், செரிக்கும், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கவும் கூடும். தம்பி பார்த்த காணொளிகளில் கொழுகொழுவென்று இருந்த பாம்புகள் பொய்யில்லை. உயிரோடு இருக்கிறதா என்பதோடு என் கேள்வி முடியவில்லை. ஒரு விலங்கின் உடலில் கத்தி வைக்க எனக்கு எப்போது உரிமை வருகிறது என்று கேட்கிறேன்.

நானும் பாம்புகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறேன். கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டிய நைலான் வலையில் சிக்கி, நூல் சதைக்குள் இறங்கிய சாரைப் பாம்புகளும் நாகங்களும் வனத்துறை வழியாக வருகின்றன. ஜேசிபி மண்ணை அள்ளும்போது கிழிபட்டவை வருகின்றன. நூலை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவித் தைக்கிறேன். முட்டை சிக்கிக்கொண்டால் வயிற்றைக் கீறி எடுப்பதுண்டு. நாளைக்கு ஒரு நாகத்தின் விஷச் சுரப்பியிலேயே கட்டி வந்து, எடுக்காவிட்டால் செத்துவிடும் என்ற நிலை இருந்தால் அந்தச் சுரப்பியையும் எடுப்பேன். அதே சுரப்பிதான், அதே கீறல்தான். ஆனால் அங்கே பாம்புக்கு வந்த நோயைத் தீர்க்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் பாம்புக்கு நோய் இல்லை. பயம் மனிதர்களுக்கு. மனிதர்களின் பயத்தைத் தீர்க்க வேறு எளிய வழி கண்ணெதிரே இருக்கும்போது பாம்பின் தலையைக் கீறுவதை மருத்துவம் என்று என்னால் அழைக்க முடியாது.

நாய்க்குச் செய்யும் கருத்தடையைக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு சேர்ந்து வாழ்கிற விலங்கு. கருத்தடை செய்தால் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து நீங்குகிறது. தெருவில் குட்டிகள் பசியிலும் வண்டியிலும் சாவது குறைகிறது. செய்த பிறகும் அது ஓடும், குரைக்கும், கடிக்கும், நாயாகவே இருக்கும். நாய்க்கும் அதன் இனத்துக்கும் அதில் பயன் இருக்கிறது. நாகத்தின் சுரப்பியை எடுப்பதில் நாகத்துக்கு என்ன பயன் என்று தேடிப் பார்த்தால், "எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்" என்ற ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று பாம்பு கேட்கவில்லை.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. விலங்கை உறுப்புச் சிதைப்பது குற்றம் என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது ஆகியவற்றை முறைப்படி செய்தால் மட்டும் விலக்கு தருகிறது. அந்தப் பட்டியலிலேயே சிலவற்றைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதை வேறொரு நாள் பேசலாம். எப்படியானாலும் பாம்பின் விஷச் சுரப்பி அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்தது பாதுகாப்பு. குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள்.

அறுவை செய்த பாம்பு விஷமில்லாத பாம்பு என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. சுரப்பியின் திசு கொஞ்சம் விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து விஷம் ஊறலாம். வெட்டிய குழாய் மீண்டும் இணைந்துகொள்ளலாம். பல்லைப் பிடுங்கினால் சில வாரங்களில் அடுத்த பல் வந்து அந்த இடத்தில் நிற்கும். விஷப்பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையாக எப்போதும் காத்திருக்கின்றன. விஷத்தைக் கறந்து எடுத்தாலும் சுரப்பி முழுக்கக் காலியாவதில்லை, சில வாரங்களில் மறுபடி நிறைந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்களின் நடத்தை மாறிவிடும். பூட்டு தளரும். தம்பி பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வருவார். குழந்தை தொட்டுப் பார்க்கும். ஒரு நாள் கடித்துவிட்டால், "அதற்குத்தான் விஷம் இல்லையே" என்று ஒரு மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். நாகக்கடியில் அந்த ஒரு மணி நேரம் உயிரின் விலையாகலாம். பெரியவரின் உடலில் இறங்கும் அதே அளவு விஷம் குழந்தையின் சிறிய உடலில் இறங்கும்போது வேகம் அதிகம். இதனால்தான் விஷமுறிவு மருந்தைக்கூட எடைக்கேற்பக் குறைக்காமல் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவே குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக்கியது. உங்கள் அம்மா தூங்காமல் இருப்பதில் மிகையான பயம் எதுவும் இல்லை.

"அது என்னைத் தெரிந்துகொண்டது" என்கிறாரே தம்பி, அதில் பாதி உண்மை. தினமும் ஒரே வாசனை, ஒரே அசைவு என்றால் நாகத்துக்கு அச்சம் குறையும். படம் எடுப்பது குறையும். பழகிவிட்டது, அவ்வளவுதான். கையில் எலி வாசனை இருக்கும் நாளில், தோலுரிக்கும் முன்பு கண் மங்கியிருக்கும் நாளில், கை எது இரை எது என்று அது பிரித்துப் பார்க்காது. அப்போது அது கடித்தால் அதில் துரோகம் ஏதும் இல்லை. ஒரு நாகத்திடம் நாம் எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்த்திருக்கிறோம்.

கிண்டி பாம்புப் பண்ணையில் நாகங்களைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்திருக்கிறார்கள். கொக்கிக் கம்பி, பூட்டிய கதவு, பயிற்சி பெற்ற ஆள், கடித்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற திட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு விஷத்தோடு பாம்பைப் பராமரிக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றித் தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அரசு அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் பானைகளில் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். பரம்பரை பரம்பரையாகப் பாம்போடு வாழும் இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பைப் பற்றி இந்த நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். பாம்பின் விஷத்தை மதித்து, அதற்கேற்பத் தங்கள் கையைப் பழக்கிக்கொண்டார்கள்.

நம் மாவட்டத்திலும் அந்த மரியாதை உண்டு. ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜர் கோவிலில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்ற எவ்வளவு கூட்டம் வருகிறது! விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் தோட்டத்தின் ஒரு மூலையை நாகத்துக்கென்று காவாக விட்டுவைத்திருந்தார்கள். அங்கே மரம் வெட்ட மாட்டார்கள். விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். பக்தி உள்ளவரோ இல்லாதவரோ, அந்த ஏற்பாட்டில் ஓர் அறிவு இருக்கிறது: பாம்புக்கு அதன் இடம், நமக்கு நம் இடம். நேசம் என்றால் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. காவுகள் இருந்த இடங்களில் இன்று மதில் எழும்பிவிட்டது என்பது என் தனி வருத்தம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நல்ல பாம்பு முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பதும் வேட்டை, காயப்படுத்துவதும் வேட்டை, உடலின் எந்தப் பகுதியை எடுப்பதும் வேட்டை. ஆகவே சுரப்பியை எடுக்கும் மருத்துவரும் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர்தான். தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2023 நவம்பரில் நொய்டாவில் கேளிக்கை விருந்துகளுக்குக் கொண்டுபோகப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்பது பாம்புகள் மீட்கப்பட்டன. அவற்றில் ஐந்து நாகங்கள். அவற்றைச் சோதித்த கால்நடை மருத்துவர்கள், நாகங்களின் விஷச் சுரப்பிகள் அகற்றப்பட்டிருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். காட்டில் விட்டால் இரை பிடிக்கத் தெரிந்தும் கொல்ல முடியாத பாம்புகள் அவை.

தம்பி எடுக்க நினைக்கும் முடிவில் திருத்தவே முடியாத இடம் இதுதான். இன்றைக்கு அந்த நாகம் முழு நாகமாக இருக்கிறது. குட்டியிலிருந்து தொட்டியில் வளர்ந்தாலும் வேட்டையாடுவது அதற்குப் பிறவியிலேயே வந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, பிடித்த இடத்துக்கு அருகிலேயே விட்டால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. வெகுதொலைவில் கொண்டுபோய் விட்டால் இடம் தெரியாமல் அலைந்து சாகும் ஆபத்து அதிகம். அதையும் வனத்துறையிடம் சொல்லி, எடுத்த இடம் எது என்று சரியாகக் காட்டிக்கொடுங்கள். கத்தி பட்டுவிட்டால் இந்த வழி மூடிவிடும். பிறகு ஆயுள் முழுக்க யாராவது செத்த எலி போட்டால்தான் சாப்பாடு. தம்பிக்கு நாளை வெளியூரில் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும். அப்போது அந்தப் பாம்பை என்ன செய்வது?

அடித்துக் கொல்வதைவிட மேல் அல்லவா என்று கேட்டீர்கள். இரண்டே வழிகள்தான் என்றால் நானும் தயங்கியிருப்பேன். மூன்றாவது வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அப்பாவிடமும் பேசுங்கள். கொல்வது அதே சட்டத்தில் அதே குற்றம். அதோடு, கம்போடு பாம்பை நெருங்குகிறவர்கள்தான் பல நேரம் கடிபடுகிறார்கள். வயதான காலத்தில் அவர் அந்த அறைக்குள் போகவே வேண்டாம்.

வழக்கு வருமோ என்ற பயத்துக்கு நேர்மையான பதில் சொல்கிறேன். ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதி தர முடியாது. கைவசம் வந்த காட்டு விலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டில் மாதங்கள் கடந்துவிட்டன. தெரிந்த வழக்குரைஞர் ஒருவரிடம் இன்றே பேசிவிடுங்கள். ஆனால் காப்பாற்றி எடுத்து வந்த பாம்பை, காயம் ஏதுமின்றி, தாமாக முன்வந்து ஒப்படைக்கும் ஓர் இளைஞரின் நிலை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, தலையில் தையலோடு பாம்பு பிடிபடும்போது அதே இளைஞரின் நிலை வேறு. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் தம்பி முதல் நிலையிலிருந்து இரண்டாவதை நோக்கிப் போகிறார். குலசேகரம் வனச்சரக அலுவலகத்துக்கோ நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். தம்பியே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எடுத்த நாள், இடம், கொடுத்த இரை, கடைசியாகத் தோலுரித்த நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாம்பைச் சோதிக்கும் மருத்துவருக்கு அது உதவும். பைக்கில் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் இரவோடு இரவாக விட்டுவிடுவது வேண்டவே வேண்டாம். அவர்கள் வந்து எடுத்துப் போகட்டும். நள்ளிரவில் பாம்பு தொட்டியைவிட்டு வெளியேறிவிட்டால் அறையைச் சாத்திவிட்டு 101க்கு அழையுங்கள். தீயணைப்புத் துறையினரும் பாம்பு பிடிக்க வருவார்கள்.

பாம்பு போன பிறகு தம்பி கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல் இருக்கக்கூடும். அவரைக் கேலி செய்யாதீர்கள், "நல்ல வேளை தொலைந்தது" என்று வீட்டில் யாரும் அவர் காதுபடச் சொல்ல வேண்டாம். ஒரு வருடம் ஓர் உயிருக்கு இரை தேடிக் கொடுத்தவர் அவர். பாம்பு மீட்புப் பணியில் சேர விருப்பமா என்று வனத்துறையிடம் பேசும்போதே கேட்கச் சொல்லுங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள வனத்துறை இளைஞர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, சர்ப்பா என்ற செயலி வழியாக வீடுகளில் புகும் பாம்புகளைப் பிடித்து விட அனுப்புகிறது. ரப்பர் தோட்டமும் வாழைத்தோட்டமும் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் நம் மாவட்டத்தில், பதற்றமில்லாமல் பாம்பைக் கையாளத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஊருக்கும் தேவை. முறையாகக் கற்றுக்கொள்ளும் வரை அவர் எந்தப் பாம்பையும் தொடக் கூடாது. இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

இதற்கிடையில் யாரையாவது கடித்துவிட்டால்: கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம், பச்சிலை வைத்தியம் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு 108இல் ஏற்றுங்கள். குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகள் உங்களுக்குப் பக்கம்; மூச்சுக் கருவி தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இமை கனத்துத் தொங்குவது, பேச்சு குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது எல்லாம் நாக விஷத்தின் அறிகுறிகள். அவை வரும் வரை காத்திருக்காமல் கடித்த உடனேயே கிளம்ப வேண்டும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. கடித்தது நல்ல பாம்பு என்று சொன்னால் போதும்.

வனத்துறை பாம்பை எடுத்துப் போனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதைச் சோதிக்க மருத்துவர் தேவைப்பட்டால் நான் வருகிறேன், கட்டணம் ஏதும் வேண்டாம்.